குல்லை: சங்கப் பாடல்கள் சுட்டும் நறுமணச் செடியை அடையாளம் காணல்

முன்னுரை

சங்க இலக்கியம் சுட்டும் செடிகொடிகளுள் பலவற்றை இன்றும் ஐயமின்றி அடையாளம் காண முடிகின்றது. வேங்கை, கொன்றை, காந்தள், முல்லை போன்றவை பெயரளவிலும் பொருளளவிலும் தொடர்ச்சியுடையவை. வேறு சில, பெயர் வழக்கொழிந்தமையால் பொருள் மயக்கத்திற்கு உள்ளாயின. அவ்வாறு மயக்கத்திற்கு உள்ளானவற்றுள் ஒன்று குல்லை. பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகையிலும் பயிலும் இச்சொல்லுக்குத் துளசி, நாய்த்துளசி, வெட்சி, கஞ்சா என ஒன்றோடொன்று தொடர்பற்ற பொருள்கள் நிகண்டு, அகராதி மரபில் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் ஒன்று வழிபாட்டுச் செடி, ஒன்று களைச்செடி, ஒன்று செந்நிறப் பூவுடைய புதர், மற்றொன்று மயக்கம் தருவது. ஒரே சொல் பாடலுக்கேற்பப் பல செடிகளைக் குறித்ததா, அன்றி ஒரு செடியின் பெயர் காலப்போக்கில் பிறவற்றின்மேல் ஏற்றப்பட்டதா என்பது ஆராயத்தக்கது.

ஒரு சிறு செடியின் பெயர்ப் பொருளே ஆயினும், இதன் விளைவு சிறிதன்று. குல்லையைக் கஞ்சா எனக் கொள்வோர், பழந்தமிழ் மகளிர் கஞ்சாத் தழையை உடுத்தனர் என்றும், வடுகர் கஞ்சாவைக் கண்ணியாகச் சூடினர் என்றும் முடிவு கூற நேரும். ஒரு மக்கட் கூட்டத்தின் பண்பாட்டு வரலாறே ஒரு சொற்பொருளின்மேல் எழுப்பப்படுகின்றது. எனவே பெயரொலியை மட்டும் பற்றுக்கோடாகக் கொள்ளாமல், பாடல்கள் குறிப்பிடும் உறுப்படையாளங்களையும் வாழிடத்தையும் பயன்பாட்டையும் தொகுத்து, அவற்றைச் செடிகளோடு ஒப்பிட்டு முடிவு காண இக்கட்டுரை முயல்கின்றது.

பெயர்ப் பொருளின் வரலாறு

பத்துப்பாட்டிற்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர், குல்லை வருமிடங்களில் அதனைக் கஞ்சங்குல்லை எனப் பொருளுரைக்கின்றார். அவர் காலம் கி.பி. 14ஆம் நூற்றாண்டு என்பது பெரும்பான்மைக் கருத்து. பாடல்கள் தோன்றிய காலத்திற்கும் உரை தோன்றிய காலத்திற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. எனினும் அவர் வாளா ‘குல்லை’ என்று விடாது, ‘கஞ்சம்’ என அடைகொடுத்துக் கூறுவதால், தம் கால மக்கள் அறிந்திருந்த ஒரு குறிப்பிட்ட செடியையே அவர் மனங்கொண்டார் எனல் பொருந்தும்.

1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னர் இவ்வுரைப்பொருள் கற்றோரிடையே பரவியது. கஞ்சங்குல்லை என்னும் தொடர் வழக்கிழந்துவிட்ட நிலையில், அதன் முதற்பகுதி ‘கஞ்சா’ என்னும் சொல்லோடு ஒலியொப்புமை உடையதாய்த் தோன்றியது. குல்லைக்குக் கஞ்சா என்னும் பொருள் வலுப்பெற இவ்வொப்புமையே பெருங்காரணம் எனலாம். 1924 முதல் 1936 வரை தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் குல்லை என்னும் தலைச்சொல்லின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளைத் தருகின்றது. பேரகராதி தன் காலம் வரை வழங்கிய பொருள்களைத் தொகுத்துத் தரும் கடமையுடையது. அவற்றுள் சங்கப் பாடலுக்குப் பொருந்துவது எது எனத் தேர்வது ஆய்வாளர் கடமை.

பாடல்கள் தரும் அடையாளங்கள்

குல்லை பயிலும் ஏழு இடங்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடல் பகுதியில், குன்றக் குறவர் மகளிர் உடுத்த தழையாடை வருணிக்கப்படுகின்றது. குல்லையும், இலையோடு கூடிய நறிய பூவும், செவ்விய அடியினையுடைய மராமரத்தின் வெண்கொத்துகளும் இடையிட்டுத் தொடுக்கப்பெற்று, வண்டுகள் மொய்த்து உண்ண விளங்கியது அத்தழை. இவ்விடத்தை இருவகையாகப் பகுக்கலாம். குல்லையின் பூவே இலையோடு கூடிய நறும்பூ எனக் கொள்வது ஒன்று. குல்லை வேறு, இலையுடைய நறும்பூங்கொத்து வேறு எனக் கொள்வது மற்றொன்று. நச்சினார்க்கினியர் பின்னதைக் கொண்டார். எவ்வாறு கொள்ளினும், மென்மையும் மணமும் வாய்ந்து, தொடுப்பதற்கேற்ற செடி குல்லை என்பது பெறப்படும்.

பொருநராற்றுப்படை காவிரியின் வளங்கூறுமிடத்துக் கொடிய கோடையைச் சித்திரிக்கின்றது. அக்கோடையில் குல்லை கரிகின்றது. மரக்கிளைகளை நெருப்பு எரிக்கின்றது. நிலத்தோடு ஒட்டிய சிறுசெடியும் உயர்ந்த மரமும் ஒருசேர அழியும் வறட்சியைக் காட்ட, சிறுசெடியின் சார்பாகக் குல்லை நிறுத்தப்பட்டுள்ளது. மரத்தோடு எதிர்நிறுத்தப்படுவதால் அது மரமோ பெரும்புதரோ அன்று எனக் கருதலாம்.

சிறுபாணாற்றுப்படை, முல்லை மலரும் புறவைக் குல்லையால் அழகுபெற்றதாகக் கூறுகின்றது. புறவு முல்லை நிலம். ஒரு நிலப்பகுதிக்கே அடைமொழியாகும் அளவிற்குக் குல்லை அங்குத் தானே பெருகி வளர்ந்தது என்பது இதனாற் பெறப்படும் செய்தி.

கலித்தொகையின் 103ஆம் பாடலில் ஏறுதழுவ வரும் ஆயர் சூடிய மலர்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. கொன்றை, காயா, வெட்சி, பிடவு, தளவு, குல்லை, குருந்து, கோடல், பாங்கர் என்பன அவை. கல்லிடத்தும் காட்டிடத்தும் பூத்த இவற்றாலான கண்ணிகள் மணம் கமழ்வன. இங்கு வெட்சியும் குல்லையும் வெவ்வேறாக எண்ணப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

நற்றிணை 376ஆம் பாடலில் மலைநாட்டுத் தலைவன் குல்லை, குளவி, கூதளம், குவளை, இல்லம் ஆகியவற்றை நெருக்கித் தொடுத்த குளிர்ந்த கண்ணியை அணிந்து வருகின்றான். குறுந்தொகை 11ஆம் பாடலில் மாமூலனார், வடுகர் குல்லைக் கண்ணி அணிந்தவர் என்கின்றார். இவ்விரு பாடல்களும் குல்லை தலையிற் சூடப்பட்டமைக்குச் சான்று.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் பட்டியலிலும் குல்லை உண்டு. அப்பட்டியலில் வெட்சியும் துழாயும் தனித்தனியே வேறிடங்களில் இடம்பெற்றுள்ளன.

இவற்றைத் தொகுத்து நோக்கின், குல்லைக்குரிய இயல்புகள் பின்வருமாறு அமைகின்றன: அது சிறுசெடி, மணமுடையது, பூவும் இலையும் ஒருங்கே தொடுப்பதற்கும் சூடுவதற்கும் ஏற்ற மென்மையுடையது, முல்லை நிலத்தில் மிகுதியாகவும் குறிஞ்சி நிலத்திலும் தானே வளர்வது, கடுங்கோடையில் கரிவது. மயக்கம் தரும் பொருளாகவோ, உண்ணப்படும் பொருளாகவோ இவ்விடங்களில் அது கூறப்படவில்லை.

வெட்சி, துளசி

வெட்சி (இக்சோரா காக்சினியா) கட்டையான தண்டுடைய புதர்ச்செடி. தடித்த, பளபளப்பான இலையும், நீண்ட குழல் போன்ற செந்நிறப் பூக்கள் செறிந்த கொத்தும் உடையது. நிறத்தாற் சிறந்ததேயன்றி மணத்தாற் சிறந்ததன்று. குறிஞ்சிப்பாட்டும் கலித்தொகையும் வெட்சியையும் குல்லையையும் ஒரே அடுக்கில் வேறுவேறாக எண்ணுகின்றன. எனவே வெட்சி எனும் பொருள் சங்கப் பாடல்களுக்குப் பொருந்தாது.

துளசியைப் பொறுத்தவரையில், துழாய் என்னும் தனிப்பெயர் சங்ககாலத்திலேயே வழங்கியது. திருமாலின் மாலைக்குரியதாகப் பரிபாடல் முதலிய நூல்கள் அதனைப் போற்றுகின்றன. குல்லை குறிக்கப்பெறும் மேற்காட்டிய இடங்களில் ஆயரும் குறவர் மகளிரும் வடுகரும் அதனைச் சூடுகின்றனர். திருமாலோடு தொடர்பு ஏதுமில்லை. குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலும் இரண்டையும் பிரித்துக் கூறுகின்றது. ஆயினும் பட்டியலை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் கூடாது. அதே பட்டியலில் தாழையும் கைதையும் தனித்தனியே வருகின்றன. அவ்விரண்டும் ஒரு செடியின் பெயர்களாகப் பிற்காலத்தில் வழங்குவன. காந்தள், தோன்றி, கோடல் என்பனவும் இத்தகைய ஐயத்திற்கு இடமளிப்பன. எனவே பட்டியற் சான்று வலிய குறிப்பேயன்றி முற்ற முடிந்த சான்றன்று. பெயர், வழிபாட்டுத் தொடர்பு, வாழிடம் ஆகிய மூன்றும் வேறுபடுதலோடு சேர்த்து நோக்கும்போதே துழாயும் குல்லையும் வேறு என்பது உறுதிப்படுகின்றது.

கஞ்சா

கஞ்சாச் செடி (கன்னாபிசு சட்டைவா) ஓராண்டுச் செடியாயினும் ஆளுயரத்திற்கு மேலும் வளர வல்லது. அதன் இலை கைவிரல்கள் போலப் பல நீண்ட சிற்றிலைகளாகப் பிளவுபட்டது. ஒவ்வொரு சிற்றிலையின் ஓரமும் வாள்பல் போன்றது. ஆண், பெண் செடிகள் பெரும்பாலும் வேறுவேறு. பூக்களுக்கு அகவிதழ் இல்லை. பசுமை நிறமான சிறு பூக்கள் இலைகளிடையே மறைந்து கிடக்கும். மகரந்தம் காற்றாற் பரவுவதால், வண்டினை அழைக்கும் தேனோ நிறமோ அப்பூவிற்குத் தேவையில்லை. பிசின் கலந்த கடுமணமே அச்செடிக்குரியது.

இவ்வியல்புகளைப் பாடல்களோடு பொருத்தினால் இடர்ப்பாடுகள் பல தோன்றுகின்றன. முதலாவது, குறிஞ்சிப்பாட்டும் கலித்தொகையும் குல்லையைப் பூவென எண்ணுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத கஞ்சாப் பூவைப் பறித்துக் குவிக்கும் மலர்களுள் ஒன்றாகவும், நறுமணக் கண்ணிக்குரியதாகவும் புலவர் எண்ணினர் எனல் அரிது. இரண்டாவது, கஞ்சா இமயமலை அடிவாரம் போன்ற வட பகுதிகளில் தானே செழித்துப் பெருகுவது. தமிழகத்து வறண்ட புறவில் ஒரு நிலத்திற்கே அடையாகும் அளவிற்கு இயல்பாகப் பரவும் செடியன்று. மூன்றாவது, இலையின் வடிவம். சங்கப் புலவர் பிளவுபட்ட இலையைக் கூர்ந்து நோக்கியவர்கள். குறுந்தொகை 138ஆம் பாடல் நொச்சியின் கூட்டிலையை மயிலின் அடியோடு ஒப்பிடுகின்றது. நொச்சியினும் மிகுதியாகப் பிளவுபட்ட கஞ்சா இலையைப் பாடுபொருளாகக் கொண்ட புலவர் பலரும் அதன் வடிவத்தைக் கூறாது விட்டனர் என்பது வியப்பிற்குரியது. கூறாமை தனித்து நின்று சான்றாகாது எனினும், ஏனைய காரணங்களோடு இணையும்போது வலுப்பெறுகின்றது. நான்காவது, கள், நறவு, தேறல், தோப்பி எனக் களிப்புத் தரும் பொருள்களைச் சங்க இலக்கியம் விரிவாகப் பேசுகின்றது. அவற்றோடு குல்லையை ஓரிடத்தும் இணைத்துப் பேசவில்லை.

நாய்த்துளசி எனும் கஞ்சாங்கோரை

எஞ்சி நிற்பது துளசிப் பேரினத்தைச் சார்ந்த காட்டுச்செடி. தமிழகத்தில் நாய்த்துளசி என்றும் கஞ்சாங்கோரை என்றும் வழங்கப்பெறும் ஓசிமம் அமெரிக்கானம் என்னும் செடியின் உறுப்படையாளங்கள் வருமாறு. ஓரடி முதல் இரண்டடி வரை நிமிர்ந்து, பல கிளைகள் விட்டு வளரும். தண்டு நாற்கோண வடிவானது. இலைகள் எதிரெதிராக அமைந்து, இரு முனையும் குறுகி, ஓரம் பெரும்பாலும் பிளவின்றியோ சிறு பற்களுடனோ இருக்கும். அடிப்புறத்தில் எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகள் காணப்படும். கிளை நுனியில் நீண்ட கதிரில், கணுவிற்கு ஆறாக, வெண்மையான அல்லது மங்கிய இளஞ்சிவப்பான சிறு பூக்கள் வட்டமிட்டு அமையும். பூவிதழ் ஈருதடு உடையது. புறவிதழின் மேற்பகுதி அகன்று வட்டமாயிருக்கும். விதை கருமையானது, நீரில் இட்டால் வழவழப்பான உறை கொண்டு பருக்கும். செடி முழுவதும் நறுமணமுடையது. பூவைப் பறிக்கும்போது இலையும் உடன் வரும். இரண்டும் சேர்ந்தே மணக்கும்.

வீட்டு முற்றத்துத் துளசியினின்று (ஓசிமம் டெனுயிபுளோரம்) இதனைப் பிரித்தறிவது எளிது. துளசி பல்லாண்டு வாழ்வது. தண்டில் மென்மயிர் அடர்ந்தது. இலையோரத்தில் பற்கள் தெளிவானவை. செடியிலும் பூவிலும் ஊதாச் சாயல் பெரும்பாலும் காணப்படும். நுணுகி நோக்குவார்க்கு மற்றொரு வேறுபாடும் உண்டு: நாய்த்துளசியின் புறவிதழ்க் குழாயின் வாயில் மயிர்வளையம் அமைந்திருக்கும், துளசியில் அவ்வளையம் இல்லை. திருநீற்றுப்பச்சை (ஓசிமம் பசிலிக்கம்) இதே பேரினத்தது, மணமும் மிகுந்தது. ஆனால் அதன் இலை பெரிது. அது பெரும்பாலும் தோட்டங்களில் வளர்க்கப்படுவது. புறவில் தானே பரவுவது நாய்த்துளசியே. தரிசு நிலம், மேய்ச்சற் புலம், வழியோரம், காட்டின் வெளியிடம் ஆகியன அதன் வாழிடங்கள். முல்லை நிலத்தின் இயல்பும் இதுவே. மழைக்குப் பின் முளைத்துப் பூத்து, கோடையில் காய்ந்து கருகுவது அதன் வாழ்க்கை வட்டம். பொருநராற்றுப்படைச் செய்தி இதனோடு இயைகின்றது.

துளசிப் பேரினத்துச் செடிகளைத் தேனீக்கள் விரும்பி நாடுவது யாவரும் அறிந்தது. திருமுருகாற்றுப்படையில் வண்டு மொய்க்கும் தழையில் மராமரக் கொத்தும் உண்டாதலால் அச்செய்தியைக் குல்லைக்கு மட்டும் உரியதாக்க இயலாது. எனினும் முரண்படவில்லை என்பது போதும்.

கஞ்சங்குல்லை என்னும் உரைச்சொல்

இனி நச்சினார்க்கினியர் உரைக்கு வருவோம். கஞ்சம் என்னும் சொல்லுக்குத் தமிழில் தாமரை, வெண்கலம் முதலிய பொருள்களும் உண்டு; அது கஞ்சாவையே குறித்தல் வேண்டும் என்பதில்லை. அதனினும் முதன்மையானது, நாய்த்துளசிக்கு இன்றும் வழங்கும் கஞ்சாங்கோரை என்னும் பெயர். இப்பெயரிலும் கஞ்சாவின் ஒலி உண்டு. ஆனால் செடி கஞ்சா அன்று. கோரை என்னும் பகுதி நீர்நிலையோரப் புல்லினத்தை நினைவூட்டுகின்றது. ஆனால் செடி கோரையும் அன்று. பெயரின் இரு பகுதிகளும் வேறு செடிகளைச் சுட்ட, முழுப்பெயர் மூன்றாவது ஒரு செடிக்கு உரியதாய் நிற்கின்றது. கஞ்சங்குல்லை என்பதும் இவ்வாறே, கஞ்சா என்னும் செடியைக் குறியாது, துளசி இனத்துச் செடியொன்றைக் குறித்த பெயராதல் வேண்டும். குல்லை என்பதே கோரை எனத் திரிந்தது என நிறுவுதற்குரிய ஒலியியல் விதி காட்டப்படாதவரை, இரு பெயர்களும் ஒன்றே எனத் துணிதல் முறையன்று. ‘கஞ்ச’ என்னும் முற்பகுதி, துளசி இனத்துச் செடியொன்றின் பெயரில் இயல்பாக இடம்பெற முடியும் என்பதற்குக் கஞ்சாங்கோரை சான்றாகின்றது. அவ்வளவே இங்குக் கொள்ளத்தக்கது. அதனால் உரையாசிரியர் கூற்றைக் கஞ்சாவிற்குச் சான்றாகக் காட்டும் வாதம் தன் அடிப்படையை இழக்கின்றது.

பெயரால் மயங்குதல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இதே செடிக்கு 1755இல் லின்னேயசு ‘அமெரிக்கானம்’ எனப் பெயரிட்டார். ஆனால் இச்செடி ஆப்பிரிக்கா, இந்தியா உள்ளிட்ட பழைய உலகப் பகுதிகளுக்கு உரியது. அமெரிக்கா அதன் தாயகம் அன்று. இதற்கே பின்னர் ஓசிமம் கேனம் என்னும் மற்றொரு பெயரும் இடப்பட்டு, இந்தியத் தாவர நூல்களில் நெடுங்காலம் வழங்கியது. துளசிக்கும் 1753இல் ஒன்றும் 1767இல் மற்றொன்றுமாக லின்னேயசே இரு பெயர் இட்டார்; ‘சேங்டம்’ என்னும் பின்னைய பெயரே பரவலாக வழங்கிய போதிலும், முந்திய ‘டெனுயிபுளோரம்’ இன்று ஏற்கப்படுகின்றது. பெயர் எத்தனை மாறினும், ‘அமெரிக்கானம்’ என்னும் பெயரைக் கொண்டு எவரும் செடியின் தாயகத்தை அமெரிக்கா என முடிவு செய்வதில்லை. உறுப்படையாளங்களையும் பரவலையும் நோக்கியே முடிவு செய்கின்றனர். குல்லைக்கும் அந்நெறியே உரியது.

வடுகர் கண்ணி

இம்முடிவு குறுந்தொகைப் பாடலின் பொருளைத் தெளிவாக்குகின்றது. சங்கப் பாடல்களில் வடுகர் பெரும்பாலும் அச்சம் தருவோராகவே காட்டப்படுகின்றனர். பறையொலியோடும் சினமிக்க நாயோடும் அவர்களைச் சேர்த்து நற்றிணை 212 கூறுகின்றது. மாமூலனார் பாடலில் வடுகர் முனையும், கட்டியின் நன்னாடும், அதற்கப்பால் மொழி வேறுபட்ட தேயமும் தலைவி கடக்கத் துணியும் எல்லைகளாக நிற்கின்றன. இங்குக் குல்லையைக் கஞ்சா எனக் கொண்டால், வடுகர் மயக்கச் செடியைச் சூடிய வேற்று மக்களாகத் தோன்றுவர். பாடலில் இல்லாத இழிவொன்று அவர்கள்மேல் ஏற்றப்படும்.

குல்லை நாய்த்துளசி இனம் எனின் காட்சி மாறுகின்றது. கலித்தொகையின் ஆயர் சூடிய அதே செடியையும், நற்றிணையின் மலைநாடன் சூடிய அதே செடியையும், குன்றக் குறவர் மகளிர் கொண்ட அதே செடியையும் வடுகரும் சூடினர். நாய்த்துளசி தமிழகத்தோடு நில்லாது தக்காணம் முழுவதும் வளர்வது. கன்னடத்தில் அது நாயிதுளசி, தெலுங்கில் குக்கதுளசி. மூன்று மொழிப் பெயர்களும் நாயோடு துளசியைச் சேர்த்து, வீட்டுத் துளசியினின்று காட்டுத் துளசியைப் பிரிக்கும் ஒரே நோக்கில் அமைந்தவை. மொழியெல்லை மாறும் இடத்திலும் புறவின் செடி மாறவில்லை என்பதை மாமூலனாரின் பாடலே உணர்த்துகின்றது. வேற்றுமொழி நிலத்தை நோக்கிய வழியில் தலைவி காணும் மக்கள், தன் நாட்டு ஆயர் சூடும் பூவையே சூடியவர்கள்.

முடிவுரை

சிறுசெடியாதல், இலையோடும் பூவோடும் மணத்தல், கண்ணிக்கும் தழைக்கும் ஏற்ற மென்மை, புறவில் தானே பெருகுதல், கோடையில் கரிதல் ஆகிய இயல்புகள் அனைத்தும் ஒருங்கே பொருந்துவது துளசிப் பேரினத்துக் காட்டுச்செடிக்கே. வெட்சியும் துழாயும் பாடல்களிலேயே வேறாக எண்ணப்பட்டமையாலும், கஞ்சா உறுப்படையாளத்தாலும் வாழிடத்தாலும் பொருந்தாமையாலும் விலக்கப்படுகின்றன. பேரினம் ஓசிமம் என்பது உறுதியாகக் கொள்ளத்தக்கது. அதனுள் நாய்த்துளசி எனும் கஞ்சாங்கோரையே குல்லை என்பது மிகப் பொருத்தமான முடிவு.

பாடலில் பயிலும் பெயரை அகராதியில் தேடி, அகராதி தரும் பொருளைத் தாவரவியற் பெயராக மாற்றுவது எளிய வழி. ஆனால் அவ்வழியில் உரையாசிரியர் காலத்து வழக்கும் பதிப்புக்காலத்து ஊகமும் சங்ககாலச் சான்றாக உருமாறிவிடுகின்றன. பி.எல். சாமி, கு. சீநிவாசன் முதலியோர் சங்க இலக்கியத் தாவரங்களைத் தாவரவியல் அறிவோடு ஆராயும் நெறியைத் தமிழில் வளர்த்தனர். ஒவ்வொரு செடிக்கும் பாடல்தோறும் கூறப்படும் உறுப்பு, நிறம், மணம், பருவம், நிலம், பயன்பாடு ஆகியவற்றை அட்டவணைப்படுத்தி, பின்னரே பெயர்ப்பொருள் காணும் முறை பொருள் மயக்கமுடைய ஏனைய செடிப்பெயர்களுக்கும் விரிவாக்கப்படல் வேண்டும். அண்டை மொழிகளில் அச்செடிகளுக்கு வழங்கும் பெயர்களையும் உடன்வைத்து நோக்கும்போது, தமிழ்நிலத்து எல்லைக்கு அப்பாலுள்ள மக்களைப் பற்றிய சங்கப் பாடற் செய்திகளும் தெளிவுபெறும்.